எழுந்து நடந்த எல்லைக்கல்

பத்தடிக்கு அப்பால் உலகம் கரைந்துபோய்த்தான் இருக்கும் என்று முப்பது வயது வரை நம்பியவள் நான். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்து யாரிடமும் கேட்கவில்லை. (கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே!) நாற்றுக்கு நடுவே ஒரு கோரை முளைத்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. எதிரே வருவது மாடா, மாமாவா என்பதுதான் கிட்ட வரும்வரை தெரியாது.

பூதலூர்ப் பக்கம் குத்தகைக்காரர் பெயரைப் பதிய அதிகாரி வந்த சமயம். "இவங்க என் வயல்ல கால் வச்சதே இல்ல" என்று எங்கள் மிராசுதார் எழுதிக் கொடுத்துவிட்டார். பெயர் ஏறாவிட்டால் நிலம் போய்விடும். வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார். நிலத்தைக் காட்ட நானே போனேன்.

ரோட்டில் நின்றபடி அதிகாரி கேட்டார்: "உங்க எல்லை எதும்மா?"

"அதோ, வெள்ளையா தெரியுது பாருங்க, அந்தக் கல்லுதான். எங்க மாமனார் காலத்துலேருந்து அசையாம கிடக்கு."

கல் எழுந்தது. குடையை விரித்தது. வரப்பு மேலேறி எங்களை நோக்கி நடந்தது.

மிராசுதார்! நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"பாத்தீங்களா சார்? கல்லுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியல. இவ இங்க பயிர் வச்சாளாம்!"

அதிகாரி பேனாவை மூடினார். எனக்குக் காது மடல் எரிந்தது. (அழுதிருப்பேன், ஆனால் அந்த ஆள் எதிரிலா?)

"மூடாதீங்க சார். என் கண்ணு தூரத்துக்கு ஆகாது. கிட்ட வாங்க, காட்டுறேன்."

இறங்கி, வரப்பிலிருந்த நண்டு வளைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். தண்ணீர் கசியாமலிருக்க நான் அடைத்திருந்த துணி வந்தது. வாய்க்காலில் அலசினேன். பச்சையில் மஞ்சள் கட்டம். நான் கட்டியிருந்த சேலையின் கிழிந்த முந்தானையும் அதே பச்சை, அதே கட்டம்.

"இன்னும் நாலு வளை இருக்கு. எடுக்கட்டுங்களா?"

அதிகாரி திரும்பினார். "இது உங்க வீட்டுச் சேலைங்களா, ஐயா?"

மிராசுதார் குடையை மடக்கினார். பெயர் ஏறியது. மூக்கு தாளில் உரச நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து அதிகாரி சிரித்தார். "இதுக்குக் கிட்டப்பார்வைன்னு பேரும்மா. கண்ணாடி போட்டா சரியாயிடும்."

தஞ்சாவூரில் கண்ணாடி வாங்கிய மறுநாள் அதே ரோட்டில் நின்றேன். தென்னங்கீற்று இதழ் இதழாக இருந்தது. கொக்குக்குக் கால் இருந்தது. முதுகு ஒடிய நட்டபோதெல்லாம் கடலாகத் தெரிந்த எங்கள் நிலத்துக்கு நாலு மூலையும் இருந்தது.

"இவ்ளோதானாங்க நம்ம நிலம்?"

"வாக்கப்பட்டு வந்து பதினஞ்சு வருஷமாச்சு, இப்பத்தான் பாக்குறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லைக் காட்டியிருப்பேன்ல!"

இதை என் மருமகள் சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்த நிலத்து அரிசிதானே அவள் வடிக்கிறாள்.