பக்கம் 214

நெல்லைச் சீமையில் தொண்ணூறுகளில் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டைப்பிஸ்ட். மீதிப்பேர் வேறு கடையில் டைப் அடித்தார்கள்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு மாடியில், தமிழ் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார். ஆய்வு மாணவர்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு அண்ணாச்சி. ஆய்வேட்டில் நாம் என்ன அளந்தாலும் கண்டுகொள்ளாமல் கடகடவென்று அடித்துத் தள்ளுவார். பக்கத்தின் அடியில், அந்தச் செய்தி எங்கே கிடைத்தது என்று சொல்லும் குறிப்புக்கு வந்ததும் கை நின்றுவிடும். புத்தகமா, எந்தப் பதிப்பு? செய்தித்தாளா, என்ன தேதி? ஒரு விவசாயி சொன்னதா, அவர் பேர் என்ன, ஊர் என்ன, என்றைக்குச் சொன்னார்? ‘திருச்செந்தூர்க் கல்வெட்டு, நேரில் கண்டது’ என்று எழுதிக் கொடுத்த ஒரு பேராசிரியரிடம், எந்தப் பக்கச் சுவரில் என்று பவ்யமாகக் கேட்டார். பேராசிரியர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். மகளுக்கு ராதாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தங்கம், ஊரே சொல்லுது என்றார் தரகர். ஊரில் யார் யார் சொன்னது, ஒரு மூன்று பேர் பெயர் சொல்லும் என்று நோட்டை விரித்துக்கொண்டார் அண்ணாச்சி. தரகர் காப்பியைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினார். வீட்டம்மா இரண்டு நாள் இவரோடு பேசவில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நான் மாட்டினேன். தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதி. பட்டம் இல்லையென்றால் கல்லூரியில் பார்த்துவந்த தற்காலிக வேலையும் போய்விடும். புதன்கிழமை மத்தியானம், நாலாவது இயலில், கால்வாய்ப் பாசனம் பற்றிய ஒரு பழைய புத்தகத்தைச் சுட்டும் அடிக்குறிப்பில் அண்ணாச்சியின் கை நின்றது.

“பக்கம் 214ன்னு போட்டிருக்கீரு. புத்தகத்த நேர்ல பாத்தீரா வே?”

பார்த்தேன் என்றேன். ஆறு வருடப் படிப்பு கண் இமைக்காமல் பொய் சொல்லவாவது உதவியது.

“மொத்தப் புத்தகமே நூத்தி அறுவது பக்கந்தான். அந்த 214 நான் அடிச்ச தப்பு.”

எட்டு வருடம் முன்பு யாரோ ஒருவரின் ஆய்வேட்டில் 124 என்பதை இவர் 214 என்று அடித்துவிட்டார். அவர் பட்டமெல்லாம் வாங்கிய பிறகுதான் கவனித்து வந்து சொன்னாராம். அதற்குள் அது பைண்டிங் ஆகி நூலகத்துக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து ஒருவர் எழுதினார், அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து நான். ஒருத்தர்கூட மூலப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் விவரமாக வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். நான்தான் தப்பு பிறந்த இடத்துக்கே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, 124 என்று திருத்திவிடுங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சினேன்.

“நான் சொன்னத வச்சு எழுதுனா அதுவும் காப்பிதானே வே. போயிப் பாத்துட்டு வாரும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேறு கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று மிரட்டினேன். அவர் பாட்டுக்குக் காகிதக் கட்டை எடுத்து நூல் சுற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் எவன் அடித்துத் தருவான்? கட்டை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

விசாரித்ததில், அந்தப் புத்தகம் களக்காட்டில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வீட்டில் இருந்தது. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில், வழிநெடுக அண்ணாச்சியை மனசுக்குள் திட்டிக்கொண்டே போய், 124ஆம் பக்கத்தைத் திறந்தேன். கால்வாயின் கோடியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு முதல் தண்ணீர் விடுவது வருடா வருடம் நடந்த வழக்கம் என்று நான் நாலாவது இயல் முழுக்க முழங்கியிருந்தேன். அது பஞ்ச வருடங்களில் மட்டும் என்று அடுத்த வரியில் தெளிவாகக் கிடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் வைத்தே திருத்தி எழுதினேன். அண்ணாச்சி வாங்கி அடித்தார். வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது ஆய்வேடு உள்ளே போனது.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணாச்சி. மேஜைக்கு அந்தப்பக்கம் மதுரையிலிருந்து வந்த தேர்வாளர். அவர் கையில் அதே புத்தகம்.

“எல்லாரும் 214 என்கிறார்கள். நீங்கள் மட்டும் எப்படி 124?”

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன் என்று சொன்னால் போதும். மனசு கேட்கவில்லை. நானும் முதலில் 214 என்றுதான் எழுதினேன், டைப் அடித்தவர்தான் என்னைக் களக்காட்டுக்கு விரட்டினார் என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையைக் காட்டினேன். தேர்வாளர் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கும்பிட்டார். பட்டம் கொடுக்கலாம் என்று எழுதியும் கொடுத்தார். அப்பாடா என்று இருந்தது.

வெளியே வந்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எட்டு வருசமா நெஞ்சுல கெடந்துச்சு வே. இன்னைக்கு எறங்கிட்டு.”

ஜங்ஷன் பக்கம் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கி, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.