தலைகீழ் மாஸ்டரும் ஒரே ஒரு கோட்டும்

லிங்கராஜபுரத்துச் சுவர்களில் படமாகத் தொங்கும் பெரியவர்களில் பாதிப் பேர் போட்டிருப்பது ஒரே கோட்டு. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. அவர்களில் பலர் உயிரோடு இருந்தவரை சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டதில்லை. போன பிறகு அத்தனை பேருக்கும் கோட்டு மாட்டிவிட்டவர் ஒருவர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஏரியாவுக்கே அவர் தலைகீழ் மாஸ்டர்.

பிள்ளைகளே, நீங்கள் இன்று போனில் விரலால் தேய்த்தே முகத்தைப் பளபளப்பாக்கிவிடுகிறீர்கள். நான் சொல்வது தொண்ணூறுகளில் நடந்தது. மாஸ்டரின் ஸ்டூடியோவில் முன்பாதியில் நான் படங்களுக்கு பிரேம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்பாதியில் மாஸ்டரும் ஒரு கம்ப்யூட்டரும். படத்தைத் தலைகீழாகத் திருப்பு என்று அதற்குச் சொல்லிவிட்டு, மாஸ்டர் போய் டீ குடித்து, டீக்கடையில் ஒரு சண்டையும் போட்டுவிட்டு வரலாம். அப்போதும் அது யோசித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் தலைகீழாகப் பார்க்காமல் ஒரு படத்தையும் அவர் வெளியே விடமாட்டார். "நேரா பார்த்தா முகம்தான்பா தெரியும். தலைகீழா பார்த்தாதான் தப்பு தெரியும்" என்பார். ஒட்டுப் போட்ட இடம், கறை, கோணல் தோள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படுமாம். அதனால் கம்ப்யூட்டரைத் திருப்பச் சொல்வதை விட்டுவிட்டுத் தானே திரும்பினார். மானிட்டரை ஒரு தாழ்ந்த ஸ்டூலில் வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்ப்பார்.

அப்படிக் குனிந்திருந்த ஒரு நாள் சர்ச் பாஸ்டர் உள்ளே வந்தார். வாசலைப் பார்த்துத் தலை தாழ்த்தி நிற்கும் மனிதனைக் கண்டதும் அவருக்கு மனசு இளகிவிட்டது. முதுகில் கை வைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்தார். சின்ன ஜெபம் அவருக்கு வராது. குடும்பம், தொழில், ஏரியா, மாநிலம் என்று போய் ஒருவழியாக ஆமென் வந்தபோது மாஸ்டரால் நிமிர முடியவில்லை. நானும் பாஸ்டரும் சேர்ந்து நிமிர்த்தினோம்.

"என்ன பாரம் தம்பி உனக்கு?" என்றார் பாஸ்டர்.

"காலர் கொஞ்சம் கோணலா இருக்கு ஐயா" என்றார் மாஸ்டர்.

வேலையில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அசலைத் தொடமாட்டார்; நகல் எடுத்து அதில்தான் கை வைப்பார். அந்தக் காலத்து சாஃப்ட்வேரில் ஒரே ஒரு அடிதான் பின்னால் போகலாம், அதற்கு முந்தின தப்பு தப்புதான். அதனால் மவுஸை அமுக்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஒரு புருவம் முடிந்ததும் சேவ். அடுத்த புருவம், சேவ். எதை ஒட்டினாலும் முதலில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். "வெளிச்சம் ரெண்டு பக்கத்துல இருந்து வந்தா, அந்த ஆளுக்கு ரெண்டு சூரியன்னு ஆயிடும்பா."

ரீட்டா அக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான். கோலார் தங்கவயலில் இருந்து இங்கே வந்து குடியேறியவர். வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அப்பா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் சர்ச்சுக்குக் கிளம்புவேன், இல்லாவிட்டால் கார் ஏறமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். வீட்டில் இருந்ததோ ஷிப்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு பழைய படம். அதில் அவர் முகம் சுண்டுவிரல் நகம் அளவு. அதிலும் பாதி ஹெல்மெட்டின் நிழலில்.

மாஸ்டர் ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினார். வெளிச்சத்தில் இருந்த பாதி முகத்தை நகல் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, இருட்டுப் பாதியின் மேல் ஒட்டினார். ஹெல்மெட்டை எடுத்தார். அதன் கீழே தலையே இல்லை.

"உன் முடியை ஸ்வல்ப குடுப்பா, கொஞ்சம் போதும்" என்று என்னை வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அப்போது எனக்கு முடி இருந்தது. அதை வெட்டிப் படத்தில் இருந்தவருக்கு வைத்து, கம்ப்யூட்டரில் இருந்த அதே கோட்டையும் மாட்டி, குனிந்து வெகுநேரம் பார்த்து, "சுத்தம்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா வந்து படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்காரு. யாரு இவரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்கா."

"எங்க வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்காரு."

மாஸ்டர் மானிட்டருக்கு முதுகைக் காட்டி மறுபடி குனிந்தார். "தப்பு ஒண்ணும் தெரியலையேக்கா."

"நேரா நின்னு நான் சொல்றதைக் கேளுப்பா. அவருக்கு இடது கண்ணு சின்னது. சிரிச்சா வாய் ஒரு பக்கமாத்தான் போகும். நீ ரெண்டு பக்கமும் சமமா வச்சிருக்கே. சமமா சிரிக்கிற ஆளு இல்ல அவரு."

அசலைத் தொடாமல் வைத்திருந்ததால் பிழைத்தோம். மாஸ்டர் ஒட்டிய பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, நிழல் விழுந்த இடத்தை மட்டும் மவுஸால் வளைத்துப் பிடித்து, துளித்துளியாக வெளிச்சம் ஏற்றினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு சின்னக் கண் வந்தது.

"நிறுத்து" என்றார் அக்கா. "அதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டைக் கழட்டிடு, அவருக்குப் புழுங்கும்" என்றார். பிறகு முடியைப் பார்த்தார். "இவ்வளவு முடி கிடையாது அவருக்கு. சரி, இருக்கட்டும். கல்யாணத்துக்கு வர்றாரு இல்ல."

வழக்கம்போலக் குனியப்போன மாஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டார். தலைகீழாகப் பார்க்காமல் அவர் வெளியே விட்ட படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். பெண் வெள்ளைப் புடவையில் வந்து நின்று பார்த்தாள். "கோணலா சிரிக்கிறாரு" என்றாள். கார் ஏறினாள்.

மாஸ்டர் இப்போது ஊரின் இன்னொரு பக்கம், அடுகோடியில் மகள் வீட்டில் இருக்கிறார். முதுகு வளைவதில்லை. போன மாதம் நான் ரீட்டா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் கேலி செய்யும் என் மொட்டைத் தலையின் முடி அந்தச் சுவரில் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. அக்கா காபி போட உள்ளே போனதும், சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். ஒட்டிய பாதியை எடுத்துவிட்டதில் முகத்துக்கு ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், முடிக்கு மறுபக்கத்திலிருந்து. ரெண்டு சூரியன்.

அன்று சாயங்காலம் மாஸ்டருக்கு போன் பண்ணினேன்.

"அக்கா வீட்டுப் படம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"தலைகீழாவும் பார்த்துட்டேன் மாஸ்டர்" என்றேன். "ஒரு தப்பும் இல்ல."