துணி மூடிய தொட்டிக்கு ஒரு காவல்

மனிதர்களில் ஓர் இனத்தார் இருக்கிறார்கள். இவர்களுக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. அதனால் 'திறந்து காட்டிக் காப்பவர்கள்' என்று நானே வைத்துவிட்டேன்.

புதிதாகப் போட்ட சீமெந்துத் தரையைக் காட்டி, "இன்னும் காயவில்லை, கால் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு காயவில்லை என்பதைத் தம் பெருவிரலால் அழுத்திக் காட்டுகிறவர். பிள்ளை இப்போதுதான் தூங்கியது, சத்தம் போடக் கூடாது என்று நமக்கு விளங்கப்படுத்துவதற்காக நுளம்பு வலையைத் தூக்குகிறவர். வட்டிலப்பம் அவியும்போது மூடியைத் திறந்தால் பழுதாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறக்கிறவர். இவர்கள் கெட்டவர்களா? இல்லை. உங்களையும் என்னையும் விட அக்கறை உள்ளவர்கள். சிக்கலே அதுதான்.

கற்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் லாபிர் நானா இந்த இனத்தின் முழு வளர்ச்சி. கருவாட்டு வியாபாரி. காலை முழுக்கக் கட்டாவையும் சாளையையும் தராசில் எறிந்து விற்றுவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து, மீன்களுக்கு மன அமைதி எவ்வளவு முக்கியம் என்று பேசுவார்.

அவர் பேசும் மீன்கள் அவருடையவை அல்ல. மனைவி சித்தி மரியத்துடையவை; எங்கள் ஒழுங்கைக்கே அவர் ராத்தா, அதாவது அக்கா. அலங்கார மீன்களைத் தொட்டியில் பெருக்கும் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த ராத்தா, முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல்தண்ணீர் நிரப்பி, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன் ஒரு சோடி வளர்த்தார். ஊருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர், இதில் வீட்டுக்குள்ளும் ஒரு கடலா என்று சிரித்தவர்கள் உண்டு. ராத்தா சிரிக்கவில்லை. இந்தச் சோடியின் குஞ்சுகளை உயிரோடு வளர்த்துக் காட்டினால், பயிற்சி கொடுத்தவர்கள் பெரிய தொட்டிகள் தருவார்கள். வீட்டிலிருந்தபடியே தொழில் தொடங்கலாம். அவருக்கு அது விளையாட்டு அல்ல.

முதல் தடவை மீன் முட்டையிட்டபோது, லாபிர் நானா ஒழுங்கையால் போனவர் வந்தவர் எல்லாரையும் உள்ளே அழைத்து, கண்ணாடியில் தட்டித் தட்டி இடம் காட்டினார். இந்த மீன்கள் மிரண்டால் தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடும். தின்றுவிட்டன.

"வெக்கங்கெட்ட மீன்," என்றார் லாபிர் நானா.

இரண்டாம் தடவை, தொட்டிக்குள் போட்டிருந்த கூரை ஓட்டுத் துண்டில் முட்டைகள் ஒட்டியிருப்பதைக் கண்ட உடனேயே ராத்தா கட்டில் விரிப்பால் தொட்டியை மூடிவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்க. ஒரு கிழமைக்கு ஒருத்தரும் இதத் திறக்கப்படாது. நீங்கதான் பொறுப்பு."

தடுக்க முடியாத ஆளுக்குப் பொறுப்பைக் கொடுத்தால் அடங்கிவிடுவார் என்பது ராத்தாவின் கணக்கு. நல்ல கணக்குத்தான். வேறு இனத்தாருக்கு.

லாபிர் நானா ஒரு கதிரையைத் தூக்கித் தொட்டியின் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு நெய்னார்.

"என்ன மச்சான், மூடி வெச்சிருக்கு?"

"பாக்கப்படாது."

"சரி. உன்ட ஏணிய ஒருக்காத் தா."

லாபிர் நானாவின் முகம் விழுந்துவிட்டது.

"என்னத்தப் பாக்கப்படாது எண்டு கேக்க மாட்டியா?"

"நீதானே பாக்கப்படாது எண்டாய்."

"பாக்கப்படாதுதான். என்னத்த எண்டு தெரியாம எப்படி நீ பாக்காம இருப்பாய்?"

விரிப்பின் ஒரு மூலை உயர்ந்தது.

அடுத்தது கத்தரினா அக்கா. அவருடைய கணவர் கடலடியில் மூழ்கி அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடி. அக்காவுக்கு இரண்டு மூலை உயர்ந்தது. ஆண் மீன் ஓட்டுத் துண்டை விட்டு விலகாமல், செட்டையால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"அப்ப பிள்ளை பாக்கிறது தகப்பனோ?"

"தகப்பன்தான். தாய் சும்மா சுத்தித் திரியுது."

"கொஞ்சம் பொறுங்கோ, எங்கட மனுசனையும் கூட்டிக்கொண்டு வாறன். இவ்வளவு காலமும் இதுகளப் பிடிக்கிறார், இந்தக் குணத்த மட்டும் காணேல்ல."

கூட்டம் கூடுவதைக் கண்டு லாபிர் நானாவுக்கே கவலை வந்துவிட்டது. ஓர் அட்டையில் 'உள்ளே பார்க்க வேண்டாம்' என்று எழுதி வெளிக் கேற்றில் தொங்கவிட்டார். அதுவரை உள்ளே ஒன்று இருப்பதே தெரியாதவர்களும் அன்று முதல் வந்து விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கத்துக்கு ஆதாரம் வேண்டாமா?

ஓட்டுத் துண்டின் ஓரங்களில் முட்டைகள் குறையத் தொடங்கின. ராத்தா அதைப் பார்த்தார். கடைசியில் முட்டைகளுக்குள் வெள்ளிப் புள்ளிகளாகக் கண்கள் தெரிந்தன. அன்று இருட்டியதும் குஞ்சு பொரிக்கும். லாபிர் நானா பின்னேரம் அஸர் தொழப் போன நேரம், ராத்தா ஓட்டுத் துண்டை அப்படியே எடுத்துப் பின்னறையில் கடல்தண்ணீர் நிரப்பிய ஒரு கறுப்புப் பேசினில் வைத்து, காற்றுக் குழாயைப் போட்டு, முன்னறைத் தொட்டியை முன்புபோலவே விரிப்பால் மூடிவிட்டார். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கதிரை பின்னறைக்கு வரும்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும், லாபிர் நானா வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்தார். குஞ்சு பொரிக்க இருட்டு வேண்டுமே. ஆனால் விரிப்புக்கு உள்ளே போதிய இருட்டு இருக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது? விரிப்பைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

ஓட்டுத் துண்டு இல்லை. இரண்டு மீன்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

முட்டையைத் தின்னும் மீன் ஓட்டுத் துண்டையும் சேர்த்தா தின்னும் என்று நீங்கள் கேட்பீர்கள். நிம்மதியான மனமுள்ளவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். லாபிர் நானா கேட்கவில்லை. விரிப்பை இறக்கி, நான்கு மூலைகளையும் தொட்டிக்கு அடியில் இறுக்கிச் செருகினார்.

மறுநாள் ஏணியைத் திருப்பிக் கொடுக்க நெய்னார் வந்தார்.

"குஞ்சு வந்திட்டா மச்சான்? மூலைய மட்டும் தூக்கு."

"பாக்கப்படாது."

"எனக்குமா?"

"நெய்னார், பாக்கப்படாது எண்டாப் பாக்கப்படாது."

விரிப்பு அசையவில்லை.

அன்றிலிருந்து அவரைப்போல ஒரு காவலரைக் கற்பிட்டி கண்டதில்லை. கேற்றில் தொங்கிய அட்டை கழற்றப்பட்டது. மாமியாரையும் அழைத்து வந்த கத்தரினா அக்கா வாசலோடு திரும்பினார். மீனுக்குத் தீன் போடும்போதுகூட லாபிர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் விரிப்புக்குள் விடுகிறார். கத்தரினா அக்காவின் கணவரைத் தனியாகப் பிடித்து, "கடலுக்க இப்படி முட்டையோட ஒரு ஓட்டுத் துண்டு அம்பிடுமா தம்பி?" என்றும் விசாரித்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்று ராத்தா கேட்பார்.

"நல்லா இருக்கு. நீயும் பாக்காத."

ஆளில்லாத பின்னறையில் குஞ்சுகள், கறுப்புப் பேசின் முழுக்க, நூல் துண்டுகள் போல நெளிந்துகொண்டிருக்கின்றன. வருகிற வியாழக்கிழமை பயிற்சி கொடுத்தவர்கள் வந்து பார்ப்பார்கள். அதுவரை அந்த அறைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டால் ராத்தா வென்றுவிடுவார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ராத்தா என் உம்மாவிடம் மட்டும் சொன்னார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொன்னார். உம்மா என்னிடம் மட்டும் சொன்னார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சொன்னார். நானும் உங்களிடம் அதையேதான் சொல்கிறேன். பின்னறை, யன்னலுக்குக் கீழே, வலது பக்கம்.

லாபிர் நானாவைப் பார்த்து இவ்வளவு நேரமும் சிரித்தீர்கள். நல்லது. இப்போது, 'இதை அவரிடம் மட்டும் சொன்னால் என்ன' என்று யாராவது ஒருவருடைய பெயர் உங்கள் மனதில் வருகிறதா? வந்தால் வெட்கப்படாமல் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து லாபிர் நானாவுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

நான் என் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன்.