கம்பளி போர்த்திய இக்னிஷன்

ஓடுகிற காரைத் திருத்தப் போகிறவனுக்குக் கை மட்டும் போதாது, கொஞ்சம் திமிரும் வேண்டும். எழுபதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டு லுணுகலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது.

கார் என்றால் என்னைவிட வயதில் மூத்த ஒஸ்டின். அதன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொயின்ட் என்று இரண்டு சின்ன உலோக நாக்குகள் உண்டு. அவை சேர்ந்து பிரிந்தால்தான் பிளக்கில் பொறி வரும், கார் ஓடும். பனி விழுகிற காலையில் அதில் ஈரம் படிந்துவிடும். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் சரியாகிவிடும். (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி யார் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.)

அந்த வருடம் என் தங்கச்சி தனலெட்சுமிக்கும் மச்சானுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தோட்டத்துச் சனத்தைப் பங்குபோட்டு இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, பாஸ்போர்ட் வந்தவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். பதுளையில் ரயில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். வரிசை வீடுகளில் இருக்கிற எங்கள் லயத்துச் சனமெல்லாம் தோட்டத்து லொறியில் மூட்டை முடிச்சோடு மூட்டையாகத்தான் ஸ்டேஷனுக்குப் போகும். என் தங்கச்சி அப்படிப் போகமாட்டாள், காரில்தான் போவாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அன்றைக்கென்று பார்த்துப் பொயின்ட் மக்கர் பண்ணினால்? ரயிலை விட்டால் கப்பலும் போய்விடும்.

அப்போதுதான் கொழும்புக் கடைகளில் எலக்ட்ரொனிக் இக்னிஷன் வந்திருந்தது. பொயின்ட்டே வேண்டாம், ஒரு சின்னப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம். வாங்கிவந்து நானே பூட்டினேன். பழைய பொயின்ட்டைத் தேயிலைக்குள் வீசி எறிந்தேன். பெட்டியோடு வந்த தாளில் படத்தை மட்டும் பார்த்தேன். குளிர்ச்சியான இடத்தில் பூட்டச் சொல்லியிருந்ததாம், யார் கண்டது? மலைநாட்டில் பிறந்தவனுக்குத் தெரிந்த ஒரே எதிரி குளிர். அதனால் பெட்டியை எஞ்சினின் சூடான பக்கமாக, புகைக்குழாய்க்கு மேலேயே கட்டினேன். அதுவும் போதாதென்று, அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளியில் ஒரு துண்டை வெட்டி, கைக்குழந்தைக்குச் சுற்றுவதுபோல இறுகச் சுற்றிவிட்டேன். லுணுகலைக் கடைத்தெருவில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பூனை மாதிரிப் போனது.

புறப்பட்ட காலையில் மச்சான் சாமான்களோடு லொறியில் முன்னே போய்விட்டார். காரில் அம்மா, மடியில் பிள்ளையோடு தங்கச்சி, நான். பசறை தாண்டி ஏற்றம் பிடித்ததும் மயிர் கருகுகிற வாடை வந்தது. யாரோ ஆட்டுத்தலை வாட்டுகிறார்கள் என்றாள் அம்மா. அடுத்த வளைவில் கார் நின்றது.

பொனட்டைத் திறந்தால், பெட்டி உருகிக் கம்பளியோடு ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகாவது சும்மா இருந்தேனா? வயரைக் கழற்றினேன், மாட்டினேன், ஊதினேன். தேய்க்கப் பொயின்ட் இல்லை என்று தெரிந்தும் தீப்பெட்டியைக்கூடக் கையில் எடுத்தேன். அம்மா கதிர்காமத்துக் கந்தனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். தங்கச்சி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாவுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"மெதுவாவே பாருண்ணே. ஒண்ணும் அவசரமில்ல."

ரயிலுக்கு நேரமாகிறது, இதென்ன விளையாட்டா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் திரும்பப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பதுளைச் சந்தைக்குப் போகிற மரக்கறி லொறி ஒன்று வந்தது. அதை ஓட்டிவந்த முஸ்லிம் நானா முன்சீட்டை ஒழித்து அவர்களை ஏற்றிக்கொண்டார். பின்னால் முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேலே எனக்கும் இடம் இருந்தது. ஏறுண்ணே என்று தங்கச்சி கூப்பிட்டாள்.

"நீங்க போங்க. ரெண்டு நிமிசத்துல சரிபண்ணிக்கிட்டுப் பின்னாலயே வந்துர்றேன்" என்றேன்.

கையெல்லாம் கரியும் கிரீஸும். அவளைத் தொடக்கூட இல்லை.

கடைசியில் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. அழுது ஓய்ந்த சனத்துக்கு நடுவே அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தங்கச்சி கடைசிவரை என்னைத் தேடினாளாம். அம்மா அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை.

நான் பார்க்கப் பல வருடங்கள் ஆயின. திருச்சிப் பக்கம் அவள் மகள் கல்யாணத்துக்குப் போனால், கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்துத் தங்கச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னை அனுப்ப மனசில்லாமல் அண்ணன் காரையே கொளுத்திவிட்டதாம். அப்படியும் ஒரு லொறிக்காரர் எங்கிருந்தோ வந்து தொலைந்தாராம். பந்தியே சிரித்தது. இன்றைக்கும் இரண்டு நாட்டுச் சொந்தத்திலும் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், சோற்றுக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் பரிமாறுகிறார்கள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் தாங்கவில்லை. அவளை அனுப்பாமல் இருக்கலாமே என்று அந்த நாட்களில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவளுக்கு ரயில் தவறிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்படித்தானேண்ணே?"

"ஆமா புள்ள" என்றேன்.