சம்பந்தி வீட்டுக்குப் போன தூண்டில் இரை

பெண் கேட்கப் போகிறவன் எந்தக் கேள்விக்கும் சட்டென்று "ஓம்" சொல்லிவிடக்கூடாது. நான் சொல்லிவிட்டேன்.

"தம்பி, நீர் தூண்டில் போடுவீரோ?" என்றுதான் சுகந்தியின் அப்பா கேட்டார். என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று எதுவும் இல்லை. நான் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்காமல் விட்டது அதிசயம்.

நான் கிளிவெட்டிக்காரன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலில் வருவது, மீன் என்றால் குளத்தில் கிடப்பது. கடலை நான் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி (அதுவும் யன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில்). அவரோ கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற திருகோணமலைக்காரர். மீன் பிடிக்கப் போவதற்கும் சாரத்தை மடிப்பு விழ மினுக்கிக் கட்டுகிற மனிதர்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை டச்பே கரைக்கு வாரும். இரை உம்முடைய பொறுப்பு" என்றார்.

வெளியே வரும்போது படலையடியில் சுகந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்ப கடலில தூண்டில் போடத் தெரியும்?"

"குளத்தில போட்டிருக்கிறன்."

"விளையாடாதேங்கோ. எனக்கு முந்திப் பேசிவந்த மாப்பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டு வந்துதான் அப்பா வேண்டாம் எண்டவர். இது பிழைச்சா எங்கட கதையும் முடிஞ்சுது."

அவள் கண் கலங்கியிருந்தது.

குளத்து மீனுக்கு நாங்கள் குத்துவது மாவுருண்டை. அம்மாவிடம் உருட்டித் தரச் சொன்னேன். யாருக்கு என்று சொன்னதுதான் நான் விட்ட பிழை.

"பொம்பிளையின்ர தகப்பனுக்கோ? அப்ப வெறும் மாவைக் குடுத்துவிட ஏலாது."

பெண் வீட்டுக்கு எது போனாலும் குறைவாகப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அது தூண்டில் இரைக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசிமாவை வறுத்து, தேங்காய்ப்பூவும் சக்கரையும் நெய்யும் போட்டுப் பிசைந்து, வாழையிலை விரித்த டப்பாவில் அடுக்கித் தந்தார். ஏலக்காய் வேறு. (என் பிறந்தநாளுக்குக்கூட அம்மா ஏலக்காயில் அவ்வளவு தாராளம் காட்டியதில்லை.)

கரையில் அவர் எனக்கு முன்னமே வந்து நின்றார். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"அம்மா பலகாரமும் தந்துவிட்டவவோ?" என்று ஓர் உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். "நல்லாயிருக்கு. சரி, இரை எங்கை?"

விரலால் டப்பாவைக் காட்டினேன். மெல்லுவது நின்றது. துப்புவதா விழுங்குவதா என்று மனிதர் திண்டாடினார். கடைசியில் விழுங்கினார்.

"இஞ்ச கணவாய்த் துண்டு போடவேணும், தம்பி. துறைமுகத்துக்கு உள்பக்கம் எண்டா இறால். நிலாவெளிப் பக்கம் போனா உயிரோட சூடை மீன். ஏலக்காய் போட்ட இரையை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

(பாராட்டுகிறார் என்று நினைத்து "நன்றி ஐயா" என்றேன்.)

இருந்தாலும் ஓர் உருண்டையைக் குத்தி வீசினார். நானும் அவர் தந்த மற்றத் தூண்டிலை வீசினேன். அது என் காலைச் சுற்றிக்கொண்டது. குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருக்கையில் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. ஐயா இன்னொன்று எடுத்துவிட்டார் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். திரும்பினால் புள்ளிமான்!

திருகோணமலை மான்களுக்குக் காடு தேவையில்லை. கடைத்தெரு, கடற்கரை எல்லாம் தங்களுக்கு எழுதிக்கொடுத்ததுபோல் உலாவும். இது டப்பாவுக்குள் முகத்தை விட்டிருந்தது. நான் "சூ" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு வாழையிலையையும் தின்று முடித்தது.

"ஐயா, இரை..." என்று தொடங்கினேன். அவர் காதில் விழவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் தண்ணீரில் பெரிய நிழல் ஒன்று கரையை நோக்கி வந்தது. கிட்ட வந்ததும் அது வெடித்தது. அவ்வளவும் சூடை மீன். பெரிய பாரை மீன்கள் துரத்த, வேறு போக்கிடம் இல்லாமல் கரைக்கே வந்துவிட்டன. குடாவின் ஒரு பக்கம் முழுவதும் உலைப்பானைபோல் கொதித்தது. நல்ல வெயிலில் அடைமழைச் சத்தம். என் துடைப் பருமனில் பாரைகள் முழங்கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. சூடைகள் என் பாதத்தில் விழுந்து துடித்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சுகந்தியை மறந்தேன், மானை மறந்தேன். கையிலிருந்த தூண்டில் தண்ணீரோடு போனதுகூடத் தெரியவில்லை. இவ்வளவு உயிரையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்தக் கடல் என் பஸ் யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது?

"இரையைத் தாரும், கெதியாத் தாரும்!" அவர் திரும்பாமலே கையை நீட்டினார்.

வெறும் டப்பாவை வைத்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார். வாயில் இலை தொங்கிய மானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கலியாணம் அந்த மணலிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் அடுத்த கூட்டம் வந்து அவர் முழங்காலில் மோதியது. டப்பாவை எறிந்தார். சாரத்தை அவிழ்த்தார். (உள்ளே கட்டைக் காற்சட்டை இருந்தது. ஆண்டவன் இருக்கிறான்.)

"மற்றப் பக்கத்தைப் பிடியும்!"

பிடித்தேன். சாரத்தை விரித்துக்கொண்டு இருவரும் கடலுக்குள் ஓடினோம். சாரம் கனத்தது. "தூக்கும், தூக்கும்!" என்று கச்சேரித் தலைமை எழுதுவினைஞர் கூவினார். தூக்கிய வேகத்தில் இருவரும் விழுந்தோம். பாதி மீன் எங்கள் தலைமேலால் போயிற்று. அவர் சட்டைப் பையில் ஒரு சூடை துடித்துக்கொண்டிருந்தது. வந்தது போலவே எல்லாம் சட்டென்று அடங்க, கடல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. நாங்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தோம்.

"இந்த வயசுக்கு நான் இப்பிடிக் காணேல்லை, தம்பி" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வரும்போல் இருந்தது.

"அப்பா... சாரம் எங்கை?"

கரையில் சுகந்தி. மனம் கேட்காமல் பார்க்க வந்தவள், பார்த்துவிட்டாள். அவர் எழும்பி, மீன் நிறைந்த சாரத்தை மிக மரியாதையாக அவளிடம் நீட்டினார்.

பின்னேரம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை. "கலியாணப் பலகாரத்தை உங்கட அம்மாவே செய்வாவோ எண்டு அப்பா கேக்கிறார்."

அம்மாதான் செய்தார். அதே உருண்டை, அதே ஏலக்காய்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் போர்வை மடித்தாலும் மேசை தூக்கினாலும் யாராவது "மற்றப் பக்கத்தைப் பிடியும்!" என்று கூவாமல் வேலை நடக்காது. மாமாவுக்கு, அதாவது சுகந்தியின் அப்பாவுக்கு, முகம் சிவந்துவிடும். அந்தச் சொல்லை அவர் பிறகு வாயிலேயே எடுத்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர. எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிய பிள்ளையை மாமாவின் கையில் கொடுத்தார்கள். அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளையை என் பக்கம் கொஞ்சம் நீட்டினார்.

"தம்பி," என்றார் மெல்ல, "மற்றப் பக்கத்தைப் பிடியும்."