நான் பூமியை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதிலேயே நீளமானது ஒரு வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சிமெண்ட், மணல், கம்பிப் பட்டியல்தான். அதிலும் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தேன். அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் இந்தக் கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என்னோடு வேலை செய்யும் சித்தாள் சரசு சொல்கிற கதையில், நான் ஒரு குண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். நான் அழவில்லை. (கண் கலங்கினது உண்மைதான். அது சிமெண்ட் தூசி.) அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

நான் கொத்தனார். பாலக்காட்டை அடுத்த பெருமாட்டிப் பக்கம் இருபத்தாறு வருஷமாகச் சுவர் எழுப்புகிறேன். இதுவரை ஒன்றும் சாயவில்லை. அதைத் தவிர என்னிடம் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது. என் கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரோடு வேலை செய்வதில் ஒரு நிம்மதி, அது நம்மை ஒன்றும் கேட்காது.

என் மகள் சௌமியா கல்லூரியில் பிசிக்ஸ் படிக்கிறாள். அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, நாட்டின் பெரிய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து அவர்கள் கல்லூரிக்கு விஞ்ஞானிகளை அனுப்பி வைத்தன. இரண்டு நாள் மாணவர்களுக்கு வகுப்பு. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஜனங்களுக்காக ஒரு செய்துகாட்டல். வந்திருந்த விஞ்ஞானி அம்மாவை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். பாலக்காட்டுப் பழைய அக்கிரகாரத்துக் குடும்பம், வேலை பெங்களூரில். "ஜனங்கள் கல்லூரிக்கு வரமாட்டா, நாமதான் அவாகிட்ட போகணும்" என்று அவர் பத்து நாள் முன்பே சொல்லி அனுப்பியதும், வகுப்பில் சௌமியா கையைத் தூக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்:

"அப்பா, நீங்க பூசி முடிச்ச கல்யாண மண்டபத்துல கூரை எத்தன அடி உசரமுங்?"

"இருபத்தஞ்சடி கண்ணு. எதுக்கு?"

"அதுல கம்பி கட்டி ஒரு குண்டு தொங்க உடோணும். இருவது கிலோ. நல்லா உருண்டையா இருக்கோணும். நாந்தான் மேடைல நின்னு எல்லார்த்துக்கும் விளக்கிச் சொல்றேன்."

"என்னன்னு விளக்குவ?"

"அது ஞாயித்துக்கெழமை தெரியும். முன்னாடியே ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லீருக்காங்க."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. தொங்குகிற குண்டைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைப் பிடித்துத்தான் இருபத்தாறு வருஷமாகச் சோறு தின்கிறேன். (அந்த நெனப்புத்தான் என்னைக் கெடுத்தது.)

குண்டை நானே வார்த்தேன். மல்லிகா, என் மனைவி, சமையலுக்கு வைத்திருந்த வடச்சட்டி இரண்டும் ஒரே அளவு. எண்ணெய் தடவி, கான்கிரீட் ஊற்றி, இரண்டு பாதியையும் ஒட்டித் தேய்த்து எடுத்தேன்.

"ஏனுங்க, என்ர வடச்சட்டி ரெண்டையும் காணமுங்க?"

"சயின்ஸுக்குப் போயிருக்குது."

"சயின்ஸு எப்பத் திருப்பிக் குடுக்கும்?"

"எறுகினதும் வந்துரும்."

வந்தது. ஆனால் அதில் இன்றுவரை எதைப் பொரித்தாலும் கொஞ்சம் மணல் கடிக்கும் என்கிறாள்.

சனிக்கிழமை கம்பியைக் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மேடம் வந்து அண்ணாந்து பார்த்தார். குண்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "இத ஆராக்கும் கட்டினது?" என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். சௌமியா கையைக் காட்டினாள். "நன்னா கட்டியிருக்கேள்" என்றார் தூணைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். அதன் நடுவாக ஒரு நேர்கோடு. குண்டைக் கோட்டின் ஒரு முனைக்கு இழுத்து நூலால் கட்டி, அது அசையாமல் நின்றபின் மேடம் நூலைத் தீக்குச்சியால் எரித்தார். கை பட்டுத் தள்ளினால் கோணிவிடுமாம். குண்டு கிளம்பிக் கோட்டின் மேலேயே போய், கோட்டின் மேலேயே திரும்பி வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. மேடம் வட்டத்தின் ஓரத்தில், கோட்டு முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தரையில் என்னவோ கிறுக்கி அதன்மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தார். "இத ரெண்டு மணிக்குத்தான் எடுக்கணும்" என்றார்.

பிறகு எல்லோரும் மிச்ச ஏற்பாடுகளைக் கவனிக்கக் கல்லூரிக்குப் புறப்பட்டார்கள். சௌமியா என்னிடம் வந்தாள்.

"ரெண்டு மணிக்கு ஊரே வருமுங்கப்பா. அதுவரைக்கும் ஆரும் இதத் தொடாமப் பாத்துக்கங்க. இது செரியா வந்தாத்தான் என்ர மானம் நிக்கும்."

"நான் இருக்கறன், நீ போ சாமி" என்றேன்.

ஒன்பது மணிக்குப் பார்த்தேன். குண்டு கோட்டை விட்டு விலகியிருந்தது.

நூல் பிடித்து வட்டத்தின் ஓரம் வரைக்கும் அளந்தேன். இரண்டு இன்ச் வலப்பக்கம். ஏணி வைத்து ஏறிக் கம்பியின் முடிச்சைப் பார்த்தேன். சரியாக இருந்தது. தரை சாய்வோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கதவைச் சாத்தினேன், ஒருவேளை காற்றாக இருக்குமோ என்று. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே முடிவுக்கு வந்தேன். தொங்கவிட்டதில் பிழை. தொங்கவிட்டவன் நான்.

யாரும் தொடக் கூடாது என்றுதான் சொன்னாள். ஆனால் கட்டியவன் தன் வேலையைச் சரிசெய்தால் அது தொடுவதாகுமா? மேடம் செய்ததுபோலவே குண்டை இழுத்துக் கோட்டின் முனையில் நூலால் கட்டி, அசைவு நிற்கும்வரை காத்திருந்து, தீக்குச்சியால் எரித்தேன். கோட்டின் மேலேயே போனது. தொழில் வழக்கப்படி காதிலிருந்த பென்சிலை எடுத்து, விலகிய இடத்தில் ஒரு கோடு போட்டு, மணியும் அளவும் எழுதி வைத்தேன்.

பத்து மணிக்கு மறுபடியும் விலகல். அதே வலப்பக்கம். கிட்டத்தட்ட அதே இரண்டு இன்ச். நேராக்கினேன். பதினொரு மணிக்கும் அப்படியே. பன்னிரண்டு மணிக்கும் நேராக்கிவிட்டு யோசித்தேன். ஒரு குண்டை நேராகத் தொங்கவிடத் தெரியாதவன் இருபத்தாறு வருஷமாக எப்படிச் சுவர் கட்டினான்? மனசுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். பெருமாட்டியில் கட்டிய வீடுகளெல்லாம் வலப்பக்கம் சாய்வதுபோல் இருந்தது. ஆனைகட்டியில் ஒரு தோட்டத்துக்குக் கட்டிய மதில் இந்நேரம் விழுந்தே இருக்கும் என்று தோன்றியது.

ஒரு மணிக்கு நேராக்கினேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும், கடைசியாக ஒரு முறை நேராக்கினேன். ஆக மொத்தம் ஆறு தடவை. தலையைச் சீவிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் என் இடத்தில் போய் நின்றேன்.

நூறு பேருக்கு மேல் வந்தார்கள். தென்னந்தோப்புக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஞ்சாயத்து மெம்பர், மல்லிகா, சரசு. சௌமியா மைக்கைப் பிடித்தாள். குரல் நடுங்கவே இல்லை. (அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.)

"காலைல எட்டு மணிக்கு இந்தக் கோட்டு மேலதான் குண்டை உட்டோம். அதுக்கப்பறம் ஆரும் தொடுலீங்க. குண்டு தன்னோட தெசைய மாத்தாது. ஆனா அதுக்குக் கீழ இருக்கற தரை திரும்பீட்டே இருக்குது. ஏன்னா பூமி சுத்துது. நம்ம கண்ணு முன்னாடியே சுத்துது. இப்ப குண்டு எங்க ஆடுதுன்னு நீங்களே வந்து பாருங்க!"

எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

குண்டு கோட்டின் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு இம்மி விலகல் தெரியவில்லை. என் வேலை அப்படி.

சரசுதான் முதலில் கேட்டாள்:

"ஏனம்மிணி, ஞாயித்துக்கெழமைன்னு பூமியும் லீவு போட்டுருச்சா?"

மண்டபமே சிரித்தது. சௌமியா குண்டைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மறுபடியும் குண்டைப் பார்த்தாள். மைக்கைப் பிடித்த கை இறங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "புள்ள என்னமோ கணக்குத் தப்பாப் போட்டுருச்சாட்ட இருக்குது" என்றார்.

பூமி சுற்றுவது எனக்குத் தெரியாதா என்ன? ஐந்தாம் வகுப்பிலேயே படித்தேன். ஆனால் அது பெருமாட்டியிலும் சுற்றும், அதுவும் நான் பூசிய மண்டபத்துக்குள் வந்து சுற்றும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு இன்ச், இரண்டு இன்ச் என்று நான் காலையிலிருந்து திருத்தியது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் மகள் தப்புச் செய்தாள் என்று ஊர் பேசும், அவ்வளவுதான். தூண் நல்ல அகலமான தூண். நான் கட்டியது. அதை விட்டு வெளியே வர எனக்கு ஒரு வருஷம் ஆனதுபோல் இருந்தது.

"நாந்தானுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். இந்த முறை பஞ்சாயத்து மெம்பர் திடுக்கிட்டுத் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டது. "புள்ள மேல தப்பில்லீங்க! குண்டு கோணிக் கோணிப் போச்சு. நாந்தான் நேராக்கி உட்டேன்!"

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தன தடவ நேராக்கினேள்?"

"ஆறு தடவைங்க."

"எந்தப் பக்கம் போச்சு?"

"எப்பவும் வலப்பக்கந்தானுங்க. ரெண்டு இன்ச், சிலப்போ கொஞ்சம் கம்மி."

"அது எப்படி இவ்வளவு தீர்மானமாச் சொல்றேள்?"

குனிந்து தரையைக் காட்டினேன். பென்சில் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி, அளவு. மேடம் அத்தனை பேர் முன்னால் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு சௌமியாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் என் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை உருவினாள்.

"இவர் ஆறு தடவை திருப்பி வெக்காம இருந்திருந்தா, இந்த ஆறு வெலகலும் ஒண்ணுக்கு மேல ஒண்ணாச் சேந்திருக்குமுங்க" என்று மைக்கில் சொன்னாள். குரல் திரும்பி வந்திருந்தது. கூட்டிப் பார்த்தாள். பதினொன்றரை இன்ச். கோட்டு முனையில் டேப்பை வைத்து, வட்டத்தின் ஓரமாக வலப்பக்கம் அளந்துகொண்டே போனாள். நூறு பேரும் கூடவே நகர்ந்தார்கள். பதினொன்றரை இன்ச், கொட்டாங்குச்சியின் அடியில் போய் முடிந்தது.

கொட்டாங்குச்சியை எடுத்தாள். காலையில் மேடம் கணக்குப் போட்டு வரைந்த சிலுவைக்குறி அங்கே இருந்தது. அரை இன்ச்தான் தள்ளி.

"அந்த அர இன்ச் என்ர தப்புங்க" என்றேன், பழக்கதோஷத்தில்.

"இல்லீங்கப்பா," என்றாள் சௌமியா. "நீங்க குண்டைக் கட்டி வெச்சு, அசைவு நிக்கற வரைக்கும் காத்திருந்தீங்கல்ல? அப்பவும் பூமி நிக்கலீங்க. அது சுத்துன அர இன்ச் அது."

அப்போது விழுந்த கைதட்டலில் எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டேப்பை வாங்கிச் சுருட்டிக்கொண்டே நின்றேன். மேடம் பென்சில் கோடுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "தப்பு பண்றவா எங்க லேபிலயும் நெறைய உண்டு. பண்ணினத அளந்து, மணி போட்டு எழுதி வெக்கறவாதான் கொறைச்சல்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா இனிமே தொடாதேங்கோ" என்றார்.

சௌமியா அகாதமியின் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதியபோது, இந்த ஆறு கோடுகளைப் பற்றித்தான் எழுதினாள். இடம் கிடைத்தது. இரண்டு மாசம் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தாள். போன அன்று பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "அப்பா, நான் வர்ற வரைக்கும் பூமிய நிறுத்தீராதீங்க!" என்றாள். வீட்டில் காலண்டர் கோணலாகத் தொங்கினால், எட்டித் திருத்தப் போகும் என்னைப் பார்த்து மல்லிகா இப்போதும் சொல்வாள்: "தொடாதீங்க, அது சயின்ஸா இருந்தாலும் இருக்கும்." சரசு என்னை வீட்டுக்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதே, "பூமிய ஆறு தடவ நேராக்குனவரு, உங்க சுவரு எம்மாத்திரம்" என்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை. ஒரு வீட்டில் குளியலறைச் சுவர் பூச்சு வேலை இருந்தது. சரசு அரைமணி நேரம் தாமதமாக வந்தாள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், சுவர் நேராக இருந்தது. மத்தியானத்துக்குள் பூச்சு முடிந்தது.