நான் எறியாத திறப்புக்கோர்வை

சீதன வீட்டில் குடியிருக்கும் மருமகன் வேலையை இழக்கலாம். வேலையிலிருந்து கலைத்துவிட்டார்கள் என்று மட்டும் வாயால் சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

பரந்தனில் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். (மேற்பார்வை பெரும்பாலும் நெல்மூட்டைகளின் மேல் படுத்தபடியே நடந்தது.) ஒருநாள் என் குறட்டை இயந்திரச் சத்தத்தையும் மீறியிருக்கவேண்டும். முதலாளி தட்டி எழுப்பி, "தம்பி, நாளையிலயிருந்து வரவேண்டாம்" என்றார். ஆலைப் பூட்டுகளின் திறப்புக்கோர்வையை இரண்டு கையாலும் பணிவாக நீட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுப் படலையில் மாமி நின்றார். "என்ன தம்பி, வெள்ளனவே வந்திட்டியள்?"

"வேலையை விட்டிட்டன் மாமி. அந்த மனுசனுக்கு மரியாதை தெரியாது. திறப்பை மூஞ்சையில எறிஞ்சுபோட்டு வந்தனான்!"

மாமி உருகிப்போனார். அன்று எனக்கு நண்டுக்கறி. மறுநாள் சந்திக் கடைவரை என் வீரம் போய்ச் சேர்ந்திருந்தது.

வீரத்தை வைத்து அரிசி வாங்க முடியாதே! முதலாளியிடம் நட்டஈடு கேட்டேன். "நீராத்தானே விலகினனீர்" என்று மறுத்துவிட்டார். தொழில் அலுவலகத்தில் முறையிட்டேன். கலைத்தது என்றால் காசு, விலகியது என்றால் ஒரு சதமும் இல்லை. விசாரணைக்குத் தனியாக நழுவப் பார்த்தேன்.

"சம்பளப் பாக்கி கேக்கத்தானே போறியள்? நானும் வாறன்" என்று மாமி கிளிநொச்சி பஸ்ஸில் எனக்கு முன்னரே ஏறிவிட்டார்.

"இவர் தானா விலகினவரோ, நீங்கள் நிப்பாட்டினீங்களோ?" என்று அதிகாரி கேட்டார்.

"அவராத்தான் போனவர்" என்றார் முதலாளி, வாய் கூசாமல்.

நான் வாய் திறப்பதற்குள் மாமி எழுந்துவிட்டார். "பின்னையென்ன ஐயா! திறப்பை முதலாளியின்ரை மூஞ்சையில எறிஞ்செல்லோ வந்தவர், எங்கடை மருமோன்!"

முதலாளி ஒரு கணம் திகைத்தார். பிறகு எதுவுமே படாத தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஓம் ஐயா, நல்லா நொந்தது" என்றார்.

இதற்குமேல் என்ன வெட்கம்? "அது பொய் மாமி. நித்திரை கொண்டனான், கலைச்சுப்போட்டார்" என்றேன். சொல்லும்போது உண்மையிலேயே அழுகை வந்தது.

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் குனிந்து, "காசுக்காகக் கதையை மாத்துறார் ஐயா. வீட்டில கஷ்டம் அப்பிடி. நம்பாதேங்கோ" என்றார்.

அதிகாரி நம்பவில்லை. முறைப்பாடு தள்ளுபடியானது. திரும்பும்போது மாமிதான் பஸ்ஸுக்கும் காசு கொடுத்தார்.

இப்போது வேறொரு வேலை. (மூட்டைகள் இல்லாத இடம்.) ஆனாலும் இன்றுவரை நான் குசினிக்குள் எட்டிப் பார்த்தால், மனைவி அகப்பையைக் காட்டி "வெளியால போங்கோ" என்பாள். வெளியே வந்துவிடுவேன்.

"அம்மா அப்பாவைக் கலைச்சுப்போட்டாவோ?" என்று மகள் கேட்பாள்.

"சீ! அவர் தானா விலகினவர் பிள்ளை" என்பார் மாமி, கதிரையில் இருந்தபடி, பெருமை கொஞ்சமும் குறையாமல்.